மஞ்சள் விளிம்பு உருய்

என் வீட்டுக்காரர் ஓகுயாமா தோகுஜியின் காலை யாராவது மிதித்தால், அங்கே கால் வைத்திருந்ததற்காக அவர்தான் மன்னிப்புக் கேட்பார். சிரிப்புக்குச் சொல்லவில்லை. சந்தைத் தெருவில் என் கண் முன்னால் நடந்தது. மிதித்தவன் "பரவாயில்ல" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். கூடையோடு பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவரோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முள்ளங்கி வாங்கினாயா என்று என்னைக் கேட்டார்.

கணவாய்க்கு மேலே போகிற பேருந்தை ஓட்டித்தான் அவர் வயசைக் கழித்தார். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிப் பனியில் ஏறி இறங்குகிற வேலை. ஒருமுறை ஒரு பயணியை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு வண்டி போய்விட்டதென்று புகார் வந்தது. அந்த வண்டியை ஓட்டியவர் வேறு ஒருவர். ஆனால் தலை குனிந்து திட்டு வாங்கியது இவர். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "அவனுக்கு அப்பத்தான் குழந்தை பொறந்திருந்துச்சு" என்றார். அவருடைய தம்பி சாலையோரத்து நல்ல வயலை எடுத்துக்கொண்டு மேட்டு வயலை இவர் தலையில் கட்டியபோதும் இதே கதைதான். "அவனுக்கு முதுகு வலி, மேட்டுக்கு ஏற முடியாது" என்றார். முதுகு வலிக்காரன் இன்றைக்கும் சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறான்!

"வாயில மோச்சி மாவுருண்டையா வச்சிருக்கீங்க? தொறந்து பேசினா என்ன?" என்று கேட்டுக் கேட்டு எனக்குத்தான் வாய் வலித்தது.

இப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது ஒரு செடி.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் உருய் வரிசை இல்லாத வீடு கிடையாது. பனி உருகியதும் இலையைச் சுருட்டிக்கொண்டு மண்ணைப் பிளந்து வரும். விரிவதற்குள் அடியோடு அறுத்து, ஒரு கொதி விட்டு, காடி கலந்த மிசோ விழுதைத் தொட்டுக்கொண்டு தின்போம். அறுக்காமல் விட்டால் இலை விரிந்து முறம் மாதிரி ஆகிவிடும். நகரத்துக்காரர்கள் அதையே கிபோஷி என்று சொல்லித் தொட்டியில் வைத்து அழகு பார்க்கிறார்கள். வெளிநாட்டில் ஹோஸ்டா என்று பெயராம், அதற்குச் சங்கமெல்லாம் இருக்கிறதாம். எங்களுக்கு அது கீரை.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், வசந்தத்தின் கடைசியில், களஞ்சியத்தின் நிழலில் போய்க் குந்தியவர் எழுந்திருக்கவே இல்லை. பக்கவாதம் வந்துவிட்டதோ என்று நான் ஓடினேன்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"கினுயோ, இங்க வா. மெதுவா வா."

"பாம்பா?"

"இந்த இலையப் பாரு."

அறுக்கத் தவறிய ஒரே ஒரு குருத்து வரிசையின் கோடியில் விரிந்து நின்றது. அதன் ஓர் இலையில் மட்டும், ஒரு பக்கத்து விளிம்பு மஞ்சளாக இருந்தது.

"வெயில்ல வெளுத்திருக்கு" என்றேன்.

"இந்த இடத்துல ஏது வெயில்?" என்றார். பிறகு அந்த இலையின் அடியில் கையை வைத்து, குழந்தையின் முகவாயைத் தூக்குவது போல மெல்லத் தூக்கிப் பார்த்தார். எங்கள் மகன் பிறந்தபோதுகூட இப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அன்றோடு எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று.

முதலில் விதை எடுத்து விதைத்தார். முளைத்ததெல்லாம் பச்சை. விதையில் அந்த மஞ்சள் இறங்காது, வேரைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சரி என்று பனி உருகியதும் தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, மொட்டுக்கு மொட்டு வேர் சேருகிற மாதிரி கத்தியால் பிளந்து, வெட்டின வாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி நட்டார். கிளைத்து வந்ததில் பாதி பச்சை. பச்சைக்கு வெறி அதிகம், மஞ்சள் விளிம்பு நோஞ்சான். இரண்டையும் ஒரே குழியில் விட்டால் பச்சை மற்றதை நெருக்கித் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் பச்சை மொட்டுகளைத் தேடித் தேடிப் பிரித்து எறிய வேண்டும். ஒரு வருஷம் அதில் ஏதோ கை தவறி, நல்லதைப் பிய்த்துவிட்டு மட்டமானதை வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் பனிக்கடியில் எலி வந்து வேரைக் கடித்தது. கம்பி வலையில் கூடை முடைந்து, அதற்குள் நட்டார். பிறகு ஓடில்லாத நத்தைகள் வந்து இலையைச் சல்லடை ஆக்கின. அவற்றுக்குத் தட்டில் பீர் ஊற்றி வைத்தால் விழுந்து சாகுமாம்.

"நத்தைக்கு பீர், உங்களுக்கு வெறும் தேத்தண்ணி. நல்ல குடும்பம்!" என்றேன்.

"அதுங்களுக்கு அது கடைசிப் பீர்தானே" என்றார் அவர்.

இப்படியே மல்லுக்கட்டி, ஒரு வழியாக மூன்று செடி தேறின. மூன்றிலும் எல்லா இலைக்கும் சுற்றிலும் மஞ்சள் கரை. வண்ண இலைச் செடி வளர்ப்போர் சங்கம் என்று மாவட்டத்தில் ஒன்று உண்டு. அதன் தலைவர் நிஹெய் ஐயா வந்து பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, தான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். மூன்று வருஷம் தொடர்ந்து நிறம் மாறாமல் வந்தால் சங்கத்தில் பெயர் வைத்துப் பதிந்துகொள்ளலாம் என்றும், பெயர் தோகுஜியின் விருப்பம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பெயர் ஏற்கெனவே தயாராக இருந்தது. "கடைசிப் பேருந்து."

"செடிக்கு யாராவது பேருந்துன்னு பேர் வைப்பாங்களா?"

"ராத்திரி கணவாயில ஏறும்போது வண்டிக்குள்ள விளக்கு எரியும்ல. தூரத்துல இருந்து பார்த்தா ஓரமெல்லாம் இப்படித்தான் தெரியுமாம். மேல் ஊர்க்காரங்க சொல்லுவாங்க. நான் உள்ளேயே இருந்ததால ஒருநாளும் பார்த்ததில்ல."

அதற்கு மேல் நான் கேலி செய்யவில்லை. எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தே பழகிய மனிதர், இந்த ஒன்றாவது அவர் சொன்ன பெயரில் நிற்கட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

முதல் வருஷம் நிறம் மாறவில்லை. இரண்டாம் வருஷமும் மாறவில்லை. மூன்றாம் வருஷம் ஜூனில் நிஹெய் ஐயா வருவதாக ஏற்பாடு. பின்பனி விழுந்தால் குருத்து கருகிவிடுமே என்று இவர் முன்ஜாக்கிரதையாக மூன்றின் மேலும் உமியைக் குவித்து மூடினார். அப்புறம் பார்த்து ஏப்ரலில் குடலிறக்கம் வந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை செய்ய வேண்டியதாயிற்று. நானும் கூடப் போய்த் தங்கினேன்.

இங்கே இசோகோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீடு அவளுடையது. புருஷன் செத்துப் போய்விட்டான், பிள்ளைகள் தோக்கியோவில். பனிக்காலத்தில் இவர் அவள் கூரைப் பனியை வாரித் தள்ளுவார். அவள் எங்கள் வாசலுக்கு வழி வெட்டிவிடுவாள். தங்கமான பொம்பளை, ஆனால் கை சும்மா இருக்காது. யார் வீட்டில் எது பழுத்தாலும் அவள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். கீரைக் காலத்தில் வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்றால், முற்றிப் போவதற்குள் பக்கத்து வீட்டார் அறுத்துச் சமைத்து வைப்பது எங்கள் ஊரில் சாதாரணம். அறுக்காமல் முற்ற விட்டால்தான் "பார்த்துக்கிட்டே சும்மா இருந்தாளே" என்று பேச்சு வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் மூடிபோட்ட கிண்ணத்தோடு வந்தாள். உள்ளே உருய். இளவெளுப்பாக, நுனியில் மஞ்சள் ஓடி, மிசோவோடு பார்க்கவே நாக்கில் நீர் ஊறியது.

"கஞ்சியா ஊத்தியிருப்பாங்க பாவம், சாப்பிடுங்கண்ணே" என்றாள்.

இவர் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

"இந்த வருஷத்து உருய் என்ன இனிப்பு! வழவழன்னு எறங்குது. இன்னும் கொஞ்சம் இருக்கா?"

இருந்ததையும் வழித்துப் போட்டாள். நானும் தின்றேன். நல்ல ருசிதான், பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் காலையில், தையல் பிரியாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு களஞ்சியத்துப் பக்கம் போனவர் திரும்பி வந்து கணப்பு மேசைக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன?"

"நேத்து சாப்பிட்டோமே, உருய்."

"ஆமா."

"அது அதுதான்."

எனக்குப் புரியவே கொஞ்சம் நேரம் ஆயிற்று. ஓடிப்போய்ப் பார்த்தேன். உமியை ஓரமாக ஒதுக்கி, மூன்று செடியையும் மண்ணோடு மண்ணாக, வெகு சுத்தமாக அறுத்திருந்தாள். அறுத்த இடத்தில் மறுபடி உமியைப் பரப்பியும் விட்டிருந்தாள், புண்ணியவதி. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. உமி மூடி வெளிச்சம் படாமல் வளர்த்த உருய்தான் வெளுத்து, மஞ்சள் நுனியோடு, பிஞ்சாக வரும். கடையில் அதற்குத்தான் கிராக்கி. உமிக்குள்ளே சுருண்டிருந்த மஞ்சள் விளிம்பைப் பார்த்ததும், இவர் ஆசையாக வெளுக்க வைத்த உருய் முற்றிப் போகிறதே என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். குருத்தாக இருக்கையில் உமியில் வெளுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நிஹெய் ஐயாவே வந்தாலும் முடியாது.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினேன்.

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தவனுக்கு ஆசையா சமைச்சுக் கொண்டாந்தா. இப்பப் போய்ச் சொன்னா அவ ஜென்மத்துக்கும் நம்ம வீட்டுப் பக்கம் தலை காட்டமாட்டா. சொல்லாதே கினுயோ. வேர் இருக்கு. மறுபடி வரும்."

"எத்தனை வருஷம்ங்க! எலியோட, நத்தையோட, பனியோட மல்லுக்கட்டி..."

"நானே ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னேன். அவளை என்ன சொல்றது?"

நான் சமையலறையில் போய்ப் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கழுவின கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று, அதில் ஊறவைத்த சிவப்பு முள்ளங்கியைப் போட்டு அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு இசோகோம்மா" என்று சொல்லிவிட்டும் வந்தார். நிஹெய் ஐயாவுக்குத் தொலைபேசியில், இந்த வருஷம் செடி சரியில்லை என்று மட்டும் சொன்னார்.

வேர் மறுபடி வந்தது. வந்ததென்ன, கொழித்தது. அறுபட்ட வேர் வெறிகொண்டு பக்கமெல்லாம் மொட்டு விட்டது. அத்தனையும் பச்சை. அவர் தினமும் போய்ப் பார்த்து, பச்சை, பச்சை என்று திரும்பி வருவார். கோடை முடியும் சமயத்தில் ஒரு நாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். மூன்று குத்தில் நடுக்குத்தில், ஒரு பொடி இலையில், நூல் கனத்துக்கு மஞ்சள்.

"போதும், இது போதும்" என்றார். இவ்வளவு அலட்டலுக்கும் கிடைத்தது ஒரு நூல்!

இலையெல்லாம் பழுத்து விழுந்த பிறகு இசோகோ வாய்க்காலைத் தாண்டி வந்தாள்.

"அண்ணே, உங்க உருய் என்னமா கிளைச்சிருக்கு! நான் அறுத்ததுக்கே இப்படின்னா நல்ல ஜாதி. எனக்கு ஒரு குத்து குடுங்களேன். என்னோடது கெழண்டு போச்சு."

வேர் கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அதோடு, தோண்டி வைத்தால் கேட்டவர்தான் முதலில் எடுப்பார். கொடுக்கிறவர் மட்டமானதைத் தள்ளிவிட்டார் என்று பேச்சு வரக் கூடாதே என்பதற்காக இந்த ஏற்பாடு. இவர் மூன்று குத்தையும் தோண்டி, மண்ணை உதறி, இருந்த வரிசையிலேயே வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இசோகோவின் விரல் இங்கே போயிற்று, அங்கே போயிற்று, நடுக்குத்தில் வந்து நின்றது.

"இது கொழுகொழுன்னு இருக்கு. இதை எடுத்துக்கட்டுமா?"

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் காலை மிதித்தார். அது என் கால்.

"எடுத்துக்கம்மா" என்றார்.

அவள் போனதும் நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. எல்லாம் முடிந்த பிறகு அவர் தம் யோசனையைச் சொன்னார். வசந்தத்தில் இலை விரிந்து மஞ்சள் தெரியும். அப்போது போய், இது வேறு மாதிரி இருக்கிறதே, இதை நான் வைத்துக்கொள்கிறேன், வேறு நல்லதாகத் தருகிறேன் என்று மாற்றிக்கொள்ளலாம். புதிதாக நட்ட வேரை முதல் வருஷம் யாரும் அறுக்கமாட்டார்கள். ஆகவே பயமில்லை.

"சரி, வாயைத் தொறந்து கேப்பீங்களா?"

"கேப்பேன்."

பனிக்காலம் பூராவும் ஒத்திகை பார்த்தார். இசோகோ வீட்டுக் கூரையில் நின்று பனி வாரும்போது உதடு அசைவது கீழே நிற்கிற எனக்குத் தெரியும். "இசோகோம்மா, ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிப்பார், தலையை ஆட்டுவார், "தப்பா நினைக்காதே" என்று மறுபடி ஆரம்பிப்பார். ஒரு மண்வெட்டிப் பனிக்கு ஒரு வாக்கியம். இறங்கி வந்து அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "குளிர் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

வசந்தம் வந்தது. எங்கள் பக்கம் களஞ்சியத்து நிழலில் பனி கிடந்தது. அவள் தோட்டம் தெற்கே பார்த்தது, அங்கே முன்னாடியே உருகிவிடும். இவர் தினமும் வாய்க்கால் வரைக்கும் போவார். அவளும் தோட்டத்தில் நிற்பாள். "வெயில் வந்துருச்சே" என்பார். "ஆமாண்ணே" என்பாள். வந்துவிடுவார்.

"கேட்டீங்களா?"

"இன்னும் இலை நல்லா விரியல."

"விரியலன்னு பார்த்தீங்களா?"

"அவ தோட்டத்துல எட்டி எட்டிப் பார்த்தா நல்லா இருக்காது கினுயோ."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நானே போய்க் கேட்டிருப்பேன். இது ஒன்றையாவது அவர் வாயால் கேட்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், இசோகோ கையைத் துடைத்துக்கொண்டே பின்வாசல் வழியாக வந்தாள்.

"அண்ணே, உங்க தோட்டத்தை நல்லாப் பாருங்க. நீங்க குடுத்த வேர்ல நோய் விழுந்திருக்கு. இலை ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து நிக்குது. நெல்லுல வருமே, அந்த மாதிரி. உங்களுக்கும் பரவிடக் கூடாதுன்னு வேரோட புடுங்கி வாய்க்கால்ல விட்டுட்டேன். அரிவாளக்கூட வெந்நீர்ல தேச்சுக் கழுவினேன்."

வாய்க்காலில் உருகின பனித்தண்ணீர் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே அதன் சத்தம் கேட்டது.

இவர் சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார். அவர் "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லப் போகிறார், நான் இந்தக் கிண்ணத்தைச் சுவரில் எறியப் போகிறேன் என்று நினைத்தேன்.

"அது நோய் இல்ல" என்றார்.

"என்னது?"

"நோய் இல்லம்மா அது. அதுக்காகத்தான் நான்..." பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. களஞ்சியத்து நிழல், எலி, கம்பிக்கூடை, நிஹெய் ஐயா, கடைசிப் பேருந்து, ஆஸ்பத்திரி, கிண்ணம். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. இசோகோ நின்றபடியே கேட்டாள். அவள் அழுவாள், தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்பாள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அவள் முகம் சிவந்தது.

"அப்போ போன வருஷம் நான் அறுத்ததும் அதுவா?"

"ஆமா."

"இன்னும் இருக்கான்னு கேட்டு வாங்கித் தின்னீங்களே!"

"எனக்கே அப்பத் தெரியாதும்மா."

"மறுநாள் தெரிஞ்சுதில்ல? முள்ளங்கி கொண்டாந்து குடுத்தப்பத் தெரியுமில்ல? வேர் கேட்டு வந்தப்பவும் தெரியும், அதுதான்னு தெரிஞ்சே தூக்கிக் குடுத்தீங்க. என்னை என்னன்னு நினைச்சீங்கண்ணே? ஒரு வார்த்தை சொன்னா ஒடஞ்சு போயிடுவேன்னா? புருஷனைச் சாம்பலா மடியில வச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தவ நான். ஒரு கீரைக்குப் போய் ஒடஞ்சுடுவேனா?"

"உனக்கு வருத்தமா இருக்கும்னு..."

"இருக்கும்தான்! நாலு நாள் மூஞ்சியக் காட்டாம இருந்திருப்பேன். அப்புறம் வந்திருப்பேன். போக வேற வீடு ஏது எனக்கு? நீங்க சொல்லியிருந்தா அதுக்கு வேலி கட்டிக் காவல் இருந்திருப்பேனே. முதல் தடவை தெரியாம அழிச்சேன். ரெண்டாவது தடவை என் கையால அழிச்சது நான் இல்ல, நீங்க."

அவள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மறுக்க முடியாது. என் ஆத்திரமெல்லாம் அவள் வாயால் வெளியே வந்துவிட்டது. எனக்கு அதில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசியில் இசோகோதான், "எந்திரிங்க, சும்மா உக்காந்திருந்தா வருமா" என்றாள். மூன்று பேரும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, வாய்க்காலோரமாகக் கீழ் மதகு வரைக்கும் நடந்தோம். மதகுக் கம்பியில் வைக்கோல், பிளாஸ்டிக் புட்டி, யாரோ தவறவிட்ட ஒரு கையுறை. இசோகோ குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் பனித்தண்ணீரில் கையை விட்டுத் துழாவினாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். இவர் மதகுக்கு அந்தப் பக்கம், பெரிய ஆற்றில் போய்ச் சேருகிற இடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த இரண்டு குத்தும் பச்சையாகவே வந்தன. நிஹெய் ஐயா, இந்த மாதிரி நிறம் தானாகவே வருவது, தானாகவே போவது, இன்னொரு முறை வந்தால் கூப்பிடுங்கள் என்றார். வரும் என்று சொல்லவில்லை.

அது நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதெல்லாம் இசோகோ தன் தோட்டத்து உருயில் கை வைப்பதற்கு முன்னால் வாய்க்கால் கரையில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுகிறாள். "அண்ணே, அறுக்கப் போறேன்! வந்து பாருங்க!" இவர் போவார். வரிசை நெடுகக் குந்திக் குந்தி, ஒவ்வொரு குருத்தையும் விரலால் விலக்கிப் பார்ப்பார். அவள் அரிவாளோடு பின்னாலேயே நடப்பாள். "அறுக்கலாம்" என்பார். அறுப்பாள். "அறுக்கலாம்." அறுப்பாள். கால் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். மாலையில் கிண்ணம் வரும்.

இந்த வசந்தத்தில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அறுக்கலாம், அறுக்கலாம் என்று அவர் குரல் வந்துகொண்டிருந்தது. சட்டென்று,

"தொடாதே! அதைத் தொடாதே!"

கையிலிருந்த போர்வையைப் போட்டுவிட்டு ஓடினேன். என் வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பது எனக்கே தெரியாது. மேல் வயலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இசோகோ அரிவாளை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றாள். அவர் இரண்டு கையாலும் ஒரு குருத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு மண்ணில் முழங்கால் போட்டிருந்தார். குருத்தின் ஓரம் வெளிறித்தான் இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன், இசோகோவும் பார்த்தாள். அது பின்பனி சுட்ட தடம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா?

"பனி சுட்டதுங்க" என்றேன், மெதுவாக.

"இருக்கட்டும். இதை விட்டுரணும்" என்றார். கெஞ்சலாக இல்லை. இப்போதும் சத்தமாகத்தான் சொன்னார்.

"விட்டுட்டேண்ணே" என்றாள் இசோகோ.

இப்போது ஜூலை. அவள் வரிசையில் மற்றதெல்லாம் அறுத்து முடிந்துவிட்டது. அந்த ஒன்று மட்டும் விரிந்து, ஆளின் இடுப்பு உயரத்துக்குப் பூத்தண்டு விட்டு நிற்கிறது. சுற்றிலும் மூங்கில் குச்சி நட்டு இசோகோ கயிறு கட்டியிருக்கிறாள். ஒரு மஞ்சளும் இல்லை. சுத்தப் பச்சை.